கறுக்காத பித்தளைத் தகடு

ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர் சம்பத். ரிட்டயர் ஆனது உடம்பு மட்டும்தான், கண் இன்னும் டியூட்டியில்தான் இருந்தது. வேலையில் இருந்தபோது கட்டிங் செக்ஷன் முழுவதையும் கேமராவில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எந்தப் பெண்ணாவது இடமும் வலமும் பார்த்துவிட்டுக் கையை முந்தானைக்குள் விட்டால் போதும், தோல் துண்டு உள்ளே போகிறது என்று அர்த்தம். அங்கேயே படத்தை நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டு, கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிடுவார். கேட்டில் பிடித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

அவருடைய சபைக்கு ஆம்பூரை ஒட்டி வெள்ளைக்காரன் காலத்துக் கல் கோயில் ஒன்று உண்டு. சம்பத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அங்கேதான், சோபனாவைக் கைப்பிடித்ததும் அங்கேதான். அந்தக் கோயிலின் இடிதாங்கியில் இருந்த செம்புப் பட்டையை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்து வண்ணக் கண்ணாடி ஒன்று சட்டத்தோடு காணாமல் போனது. விட்டால் மணியையே கழற்றிக்கொண்டு போவார்கள் என்று கமிட்டி கூடியது. கேமரா வைக்கலாம் என்று சொன்னது சம்பத். யார் உட்கார்ந்து பார்ப்பது என்று கேட்டபோது, "இன்னாத்துக்கு யோசிக்கிறீங்க, நான் இருக்கேன் இல்ல" என்று சொன்னதும் அவரேதான்.

வாணியம்பாடியிலிருந்து உமர் ஃபாரூக் வந்து கேமராக்களை மாட்டினான். எந்தக் கேமரா எதுவரை பார்க்க வேண்டும் என்று சம்பத் கூடவே நின்று அளந்து சொன்னார். வாசல் கேமராவுக்கு எல்லை கேட்டுக்கு வெளியே இருக்கும் மின்கம்பம். வேலை முடிந்து இறங்கும்போது உமர் ஒரு விஷயம் சொன்னான்.

"சார், ஒயர் முனையெல்லாம் அடிக்கடி தொடச்சு வைங்க. தோல் பதனிடுற டேனரி காத்துக்கு செம்பு, பித்தளை எதுவும் தாங்காது. கருப்பாயிடும்."

"எங்க கோயில் பித்தளை கறுக்காதுப்பா. வந்து பாரு" என்று அவனை உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார் சம்பத். கோயிலைக் கட்டியவர்களின் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு பளபளவென்று இருந்தது. "பழைய காலத்துச் சரக்கு" என்றார் பெருமையாக. உமர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். சில வருஷத்துக்கு முன்னால் அதே தகடு அட்டக் கறுப்பாக இருந்ததை சம்பத் மறந்தே போயிருந்தார். ஊரில் எல்லாப் பித்தளையும் கறுக்கும்போது இது மட்டும் ஏன் மின்னுகிறது என்று ஊர்க்கண்ணெல்லாம் வைத்திருந்த மனிதருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கேமரா வந்த பிறகு அந்தப் படம் ஓடும் செல்போன்தான் அவருக்குக் கம்பெனி. காப்பி குடிக்கும்போதும் அதுதான், கட்டிலில் சாயும்போதும் அதுதான். ஆனால் பார்த்ததெல்லாம் மதில் சுவரையும் கூரையையும்தான். திருடன் வெளியிலிருந்துதானே வரவேண்டும்.

அப்போதுதான் பீடத்தில் வைக்கும் பித்தளைப் பூ ஜாடி ஒன்றைக் காணவில்லை. சம்பத்துக்குப் பழைய ரத்தம் சூடேறிவிட்டது. உள்ளே இருந்த கேமராவின் பதிவைப் பின்னோக்கி ஓட்டினார். ஒரு மத்தியான வேளை. கோயிலில் ஆள் இல்லை. நடுவயது தாண்டிய ஒரு பெண் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வருகிறாள். இந்தப் பக்கம் பார்க்கிறாள், அந்தப் பக்கம் பார்க்கிறாள். கையை முந்தானைக்குள் விடுகிறாள். எதையோ எடுத்துக்கொண்டு பித்தளைத் தகட்டின் மேல் குனிகிறாள்.

சம்பத்துக்கு அது போதும். படத்தை அங்கேயே நிறுத்தினார். சிவப்பு வட்டம் போட்டார். "ஜாடி காணாமல் போனது தொடர்பாக இவரை யாருக்காவது தெரியுமா? தகட்டையும் கழற்றப் பார்க்கிறார். உஷார்" என்று எழுதி சபை குரூப்பில் போட்டார்.

"அந்தம்மா முகத்தப் பாத்தா திருடுற மாதிரியா இருக்குது? முழுசாப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் சோபனா.

"எத்தன பேரப் பாத்திருப்பேன். கை போற தினுசே சொல்லிடும்" என்றார் சம்பத். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். சம்பத்துக்கு ஆத்திரம்கூட இல்லை, வெறும் பழக்கம்தான். அது ஆத்திரத்தைவிட மோசம்.

படம் சபை குரூப்பில் நிற்குமா? தெருவுக்குத் தெரு தாவி ஊரைச் சுற்றியது. பஜார் பக்கம் பிரியாணிக் கடை வைத்திருக்கும் நசீர் அகமதின் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. படத்தில் இருந்தது அவர் கடை சமையல்கட்டில் வேலை பார்த்த முனியம்மா.

சில நாள் கழித்து ஜாடி தானாகத் திரும்பி வந்தது. கல்யாண டெக்கரேஷன்காரர்கள் தங்கள் சாமான்களோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். சம்பத் குரூப்பில், "ஜாடி கிடைத்துவிட்டது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று போட்டார். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத நினைத்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பழைய படத்தை அழிக்கப் பார்த்தார், நாள் கடந்துவிட்டதால் அதுவும் முடியவில்லை. ஸ்தோத்திரத்துக்கு வந்த கும்பிடு பொம்மைகளைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

பிறகுதான் தகடு கறுக்கத் தொடங்கியது. முதலில் ஓரம் பழுப்பாகி, பிறகு எழுத்துகளின் பள்ளத்தில் கறை இறங்கியது. ஒரு ஞாயிறு ஆராதனையில் சம்பத் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு ஓடும்போதே, அந்தப் பெண் தகட்டின் மேல் குனிந்தது நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் பதிவு அழிவதற்குள் அந்த வீடியோவை எடுத்தார். அன்று எந்த இடத்தில் நிறுத்தினாரோ, அதற்குமேல் ஓடவிட்டார்.

முனியம்மா முந்தானையிலிருந்து எடுத்தது ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் இருந்தது புளிச் சக்கை. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய்க்குக் கரைத்துப் பிழிந்தது போக மிஞ்சியது. அதை வைத்துத் தகடு முழுக்கத் தேய்க்கிறாள், எழுத்து எழுத்தாக. பாட்டில் தண்ணீரை முந்தானையில் நனைத்துத் துடைக்கிறாள். கீழே சிந்திய ஈரத்தையும் துடைத்துவிட்டுத் தகட்டில் நெற்றியை வைக்கிறாள். வெகுநேரம் அப்படியே நிற்கிறாள்.

சோபனா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று சம்பத் எதிர்பார்த்தார். அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் அந்தப் பெண் யாரென்று விசாரித்துக்கொண்டு நசீர் அகமதின் கடைக்குப் போனார்.

"நான் நம்பல சார். பல வருஷமா என் கிச்சன்ல இருந்தாங்க, ஒரு கறித்துண்டு எடுத்துகினு போனது கெடையாது. இன்னா விஷயம்னு மட்டும்தான் கேட்டேன். வாயே தொறக்கல. மறுநாள்லேருந்து வரல. நீங்க ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கலாம் சார்" என்றார் நசீர்.

முனியம்மா பேரணாம்பட்டுப் பக்கம் மகள் ஹேமலதா வீட்டில் இருந்தாள். சம்பத்தை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். மரியாதையில் குறை வைக்கவில்லை. அதுவே அவருக்கு உறுத்தியது. உள் அறையில் நிறைமாதமாக ஹேமலதா படுத்திருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன்மா. நீ எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? நசீர் பாய்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார் சம்பத்.

"சொல்லக் கூடாது சார். வேண்டுதல்" என்று உள் அறையைக் காட்டித் தாழ்ந்த குரலில் சொன்னாள் முனியம்மா. "இவளுக்கு ரெண்டு தடவ கலைஞ்சு போச்சு. சில வருஷம் முன்ன ஒரு நாள் மழைக்கு ஒதுங்குனப்ப உங்க கோயில்ல அந்தத் தகடு கறுத்துப் போய் இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது, எந்தச் சாமியோ. பாவம், தேய்க்கக்கூட ஆள் இல்லையேன்னு நெனச்சேன். இவ ஒரு புள்ளயப் பெத்துக் கையில எடுக்கிற வரைக்கும் நான் தேய்க்கிறேன்னு வேண்டிக்கினேன். வெளிய சொன்னா பலிக்காதுன்னு யாருக்கும் தெரியாம செஞ்சேன். இப்ப ஊருக்கே தெரிஞ்சிடுச்சு."

"நீ வாம்மா. வந்து தேய். கேமராவ வேணா வேற பக்கம் திருப்பி வைக்கச் சொல்றேன்."

"கேமராவ திருப்புவீங்க. பாத்தவங்க கண்ண இன்னா பண்ணுவீங்க?"

"அப்போ நான் தேய்க்கட்டுமா?"

"நீங்க தேய்ச்சா அது உங்க வேண்டுதல் சார்" என்றாள் முனியம்மா, கோபமில்லாமல். பிறகு உள் அறையைப் பார்த்துக் குரலை இன்னும் தாழ்த்தினாள். "இவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. நல்லபடியா பொறக்கணுமேன்னு பயமா இருக்குது. நீங்க கெளம்புங்க."

அன்று சம்பத் குரூப்பில் எல்லாவற்றையும் எழுதினார். தன் தப்பு என்று எழுதினார். வேண்டுதல் என்ன என்பதை மட்டும் எழுதவில்லை. சிலர் கும்பிடு பொம்மை போட்டார்கள். திருடி என்று போட்ட படம் போன வேகத்தில் இந்த எழுத்து எங்கும் போகவில்லை, குரூப்பிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு ஆராதனை முடிந்ததும் அவர் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருப்பார். யாருக்காக ஜெபம் செய்கிறார் என்று சோபனா கேட்கவில்லை, அவளுக்குத் தெரியும்.

பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம் என்று நசீர் அகமதுதான் போன் செய்தார். சம்பத் போனை வைத்துவிட்டுக் குழந்தையைப்போல அழுதார். வேண்டுதல் முடிந்தவர்கள் நன்றி சொல்ல வருவது வழக்கம். எந்தச் சாமி கும்பிடுகிறவர்களானாலும் வருவார்கள். முனியம்மாவும் வருவாள் என்று மத்தியான வேளைகளில் கோயிலில் போய்க் காத்திருந்தார்.

அவள் வந்தாள். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சம்பத் கதவு வழியாகப் பார்த்தார். பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் வந்தவள் மின்கம்பத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். கம்பெனிப் பெண்களுக்கும் கேமரா எட்டாத மூலை எது என்று நன்றாகத் தெரியும் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. முனியம்மா ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நெற்றிக்கு உயர்த்திக் கோபுரத்தைக் கும்பிட்டாள். வாசல் கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கம்பத்தைத் தாண்டாமலே திரும்பி நடந்தாள்.

சம்பத் எழுந்து வாசலுக்கு ஓடிவருவதற்குள் அவள் தெரு முனையில் மறைந்துவிட்டாள். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு போனைத் திறந்து பதிவைப் பின்னோக்கி ஓட்டினார். வாசல் கேமராவில் மின்கம்பம் வரை வெறும் தெருதான் இருந்தது.