கிடங்கைச் சுற்றி ஒரு மறைப்பு

எங்கள் ஊருக்கு மேற்கே, வயல் தொடங்கும் இடத்தில், கிறவல் மண் அள்ளித் தோண்டிய பெரிய கிடங்கு ஒன்று இருக்கிறது. வீதி போடவும், பெண் பிள்ளைகளுக்குச் சீதன வீடு கட்டப் பள்ளமான வளவுகளை மேடாக்கவும் அங்கிருந்துதான் வருஷக்கணக்காகச் சிவப்பு மண் ஏற்றினார்கள். பிறகு ஊற்றுக் கண்டு தண்ணீர் தேங்கிவிட்டது. மண் அள்ளுவது போய்க் குப்பை கொட்டுவது தொடங்கியது.

அதைத் துப்புரவாக்கிப் பூங்கா ஆக்கப்போவதாக என் கணவரும் கூட்டாளிமாரும் கிளம்பியபோது நான் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டது. தின்ற பீங்கானை எடுத்து வைக்காத மனிதர் ஊர்க் குப்பை அள்ளப் போகிறாராம்! ஆனால் அள்ளினார்கள். வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுதுவிட்டு மண்வெட்டியோடு போவார்கள். மஃரிபுக்கு முன்னர் சேறும் சகதியுமாக வந்து நிற்பார்கள். பொலித்தீனும் போத்தலும் போன இடத்தில் தாமரை படர்ந்தது. கொக்கும் நீர்க்காகமும் வந்தன. கரையைச் சுற்றி நடைபாதை போட்டு, வேம்பும் நாவலும் நட்டார்கள்.

எனக்குச் சீனி வருத்தம்; இரத்தத்தில் சீனி கூடிவிட்டது. நடக்கச் சொன்னார் டொக்டர். ஊருக்குள் எங்கே நடப்பது? ஓட்டோக்காரன் ஒவ்வொருவனும் நிறுத்தி, "எங்க ராத்தா போகணும்?" என்று கேட்பான். அதனால் பக்கத்து வீட்டு மச்சியைக் கூட்டிக்கொண்டு கிடங்குக் கரைக்குப் போனேன். அவள் தன் தங்கச்சிமாரைக் கூட்டி வந்தாள். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தண்ணீரைப் பார்த்தபடி, வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு நடப்போம். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் அப்படிச் சும்மா நடந்ததே இல்லை. சந்தோஷமென்றால் அப்படியொரு சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரதேச சபை கிடங்கைக் குப்பையால் மூடப்போகிறது என்று கதை வந்தது. சனிக்கிழமை காலையில் சபையின் தவிசாளர் நேரில் பார்க்க வருகிறார். சனம் பாவிக்கிற இடம் என்று கண்டால் விடுவார், இல்லையென்றால் திங்களே குப்பை டிரக்டர் வரும்.

கலியாண வீடோ கந்தூரியோ, எங்கள் ஆண்கள் முதலில் கட்டுவது பெண்கள் பக்கத்து மறைப்பைத்தான். தவிசாளர் வரும்போது பெண்களும் நடப்பார்கள் என்றதும் அவர்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை கோமாரி ஊரிலிருந்து தென்னோலைக் கிடுகு இறக்கி, நடைபாதையின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடைத்துவிட்டார்கள்.

சனி காலையில் போனால், யா அல்லாஹ்! தண்ணீரைக் காணோம், கொக்கைக் காணோம். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"இஞ்சாருங்க, இதென்ன வேல?"

"உங்களுக்காகத்தான் புள்ள கட்டின. மறைப்பு வேணுமே," என்றார் என் கணவர், பெருமையாக.

"ஆரு கேட்ட? வாற மனுசன் என்னத்தப் பாக்கிற? ஆரோ வளவு பிடிச்சி வேலி அடைச்சிரிக்கான் எண்டுதானே நெனப்பாரு!"



"நிண்டு கதைக்க நேரமில்ல, கழட்டுங்ககா," என்றாள் மச்சி. அபாயாக் கையை மடித்துவிட்டு இழுக்கத் தொடங்கினோம். கட்டிய கையாலேயே ஆண்கள் கயிற்றை அறுத்தார்கள். பாதி கழன்றபோது தவிசாளர் வந்து இறங்கினார். கூடவே அளவு டேப்போடு ஓர் உத்தியோகத்தர்.

தலையில் கிடுகோடு நின்ற எங்களைப் பார்த்து, "வேலி கட்டுறீங்களா, பிரிக்கிறீங்களா?" என்று கேட்டார் தவிசாளர்.

"பிரிக்கிறம் சேர். இது நாங்க நாளும் நடக்கிற இடம். இத மூடினா எங்க நடக்கிற? உங்கட சபைக் கட்டிடத்துக்கு மேலயா?" என்றேன் நான்.

பின்னால் என் கணவர் இருமினார். இருமட்டும்.

தவிசாளர் கிடுகு கழன்ற இடத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "என்ட பொஞ்சாதிக்கும் நடக்கத்தான் சொல்லியிரிக்காங்க. வெளிய எறங்கமாட்டேங்கிறா. ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வரலாமா?"

"நீங்க கூட்டி வரத் தேவல்ல சேர். அனுப்புங்க. நாங்க நடத்துறம்," என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டேப்பச் சுருட்டுங்க. குப்பைக்கு வேற இடம் பாப்பம்," என்றார் உத்தியோகத்தரிடம்.

மறுநாள் காலையில் நாங்கள் போனபோது தவிசாளரின் மனைவி எங்களுக்கு முன்னமே வந்து நின்றார். முதல் சுற்று முடிவதற்குள் எங்களையெல்லாம் கதையில் வென்றுவிட்டார்.