தொட்டிக்குள் பெரிய மச்சாள்

"…அது கிடக்கட்டும் தம்பி. நான் ஆரைச் சுட்டனான்? அதை மட்டும் சொல்லு!"

கேட்டவர் என் அக்கா. போன ஞாயிறு காலை, தெல்லிப்பழையில் என் வீட்டு ஹோலில். இணுவிலில் இருந்து ஓட்டோவில் வந்து, கதிரையில் உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவர் வந்தது தெரியாமல், பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி வசந்தி, அதற்குச் சற்று முன்தான் அங்கிருந்தபடியே இப்படிச் சத்தம் போட்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ! பெரிய மச்சாள் திரும்பவும் பக்கத்திலை இருக்கிறதைச் சுட்டுப்போட்டா. அவவை ஒரு சாண் தள்ளி வையுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்! கேக்கிறியளே?"

என் அக்காவை வசந்தி கூப்பிடுவது 'பெரிய மச்சாள்' என்று. கலியாணம் கட்டி வந்த நாளில் இருந்து அப்படித்தான். இதற்கு நான் என்ன விளக்கம் சொல்ல?

அக்காவின் கைப்பையில் இருந்து ஒரு கலியாண அழைப்புக் காட் பாதி வெளியே வந்திருந்தது. மஞ்சள் கரை போட்ட காட். சத்தம் கேட்டதும் அது மெல்ல உள்ளே போனது. 'சிப்' மூடியது. இனி அது வெளியே வருவது சந்தேகம்தான்.

ஏன் என்றால், அக்கா எங்கள் படியேறிப் பத்து மாதம். எங்கள் புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்தவர், பந்தியில் வசந்திக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, "வீடு வடிவாத்தான் இருக்கு. சமையல்தான் பழைய வீட்டிலையே நிண்டிட்டுது போல" என்று சொல்லிவிட்டார். பந்தி சிரித்தது. வசந்தி சிரிக்கவில்லை. அதன்பிறகு போக்குவரத்து இல்லை. நான் நடுவில் நின்று என்ன செய்தேன்? மூன்று நாள் ஒருவரோடும் கதைக்காமல் இருந்தேன். என்னால் முடிந்தது அதுதான்.

இப்போது அக்காவின் மகனுக்குக் கலியாணம். நான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் கலியாணத்தை நேரில் வந்து சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த அழைப்புக்கு யாராவது உடுப்பு மாற்றுவார்களா? அதனால்தான் அக்கா பத்து மாதத்து ரோசத்தை விழுங்கிக்கொண்டு நேரில் வந்திருந்தார்…

வந்த இடத்தில் இந்தக் கூத்து.

வாசகர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சுட்டது அக்கா இல்லை. என் மீன்தொட்டிக்குள் இருக்கும் பவளம்.

இரண்டு வருடத்துக்கு முன் எனக்குக் கடல்தொட்டிப் பைத்தியம் பிடித்தது. மயிலிட்டியில் இருந்து கான்களில் கடல்தண்ணீர் கொண்டுவந்து தருகிற நண்பர் முதல் நாளே கேட்டார்: "கடல் உதிலை கிடக்குது. பிறகேன் வீட்டுக்கை ஒண்டு?" நான் கானை வாங்கி உள்ளே வைத்தேன்.

எங்கள் கடலில் பவளப்பாறையான முருகைக்கல்லில் கைவைக்கக்கூடாது, அது குற்றம். ஆகவே பண்ணையில் வளர்த்தவை என்று கடதாசியோடு வந்தவற்றைக் கொழும்புக் கடையில் வாங்கினேன். முதலில் 'கேலக்ஸி' என்று ஒன்று. பச்சை நட்சத்திரங்களை அள்ளி ஒட்டியதுபோல் இருக்கும். நாலு மாதம் கழித்து 'ஸ்டார்பர்ஸ்ட்' என்று ஒன்று. பெருமையோடு கொண்டுவந்து காட்டினேன். வசந்தி ஒரே பார்வை பார்த்தாள்.

"உதைத்தானே போனமுறையும் கொண்டுவந்தனீங்கள்?"

அதேதான்! ஒரே பவளத்துக்குக் கடையில் இரண்டு பெயர். இரண்டாவதை ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டு, 'இனிமேல் ஏமாறமாட்டேன்' என்று விஞ்ஞானப் பேர்களைப் பாடமாக்க இறங்கினேன். யூடியூப்தான் பள்ளிக்கூடம். கேலக்ஸி என்பது கலக்சியா பசிகுலாரிஸ். காளான் குடைமாதிரி நிற்பது சாக்கோபைற்றன். சுத்தியல் தலைபோல் நுனியுள்ளது யூபிலியா ஆன்கோரா. எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து, லேமினேட் செய்து, கண்ணாடியில் ஒட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் மறித்து வைத்து விளக்கினேன். ஆட்கள் வருவது குறைந்தது.

லேமினேட் செய்த பிறகு இன்னொன்று தெரிந்தது. அந்த யூபிலியாவின் பேரை விஞ்ஞானிகள் மாற்றிவிட்டார்களாம். இப்போது அது பிம்பிரியாபிலியா! மாறாத பேர் என்றுதானே ஐயா நான் இந்தப் பக்கம் வந்தேன்?

குடிபூரல் முடிந்து சில நாளில் ஒரு அலுவலாக இரண்டு கிழமை கொழும்பில் நிற்கவேண்டி வந்தது. தொட்டி வசந்தியின் பொறுப்பு. முதல் நாள் போனில் கேட்டேன்:

"சாக்கோபைற்றன் விரிஞ்சு நிக்குதோ?"

"ஆர் அவர்?"

"லேபிளைப் பாரும்."

"உந்த மருந்துக்கடைப் பேரெல்லாம் எனக்கு வாசிக்க ஏலாது. நான் என்ரை பாட்டிலை பேர் வைச்சுப் பாக்கிறன். நீங்கள் உங்கடை அலுவலைப் பாருங்கோ."

பாருங்கள், இரண்டு கிழமையில் ஒன்றுகூடச் சாகவில்லை. நான் வீட்டில் நின்ற மாதங்களில் செத்தவற்றின் தொகையை இங்கே எழுதமாட்டேன்.

கை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்கிற பவளத்துக்கு 'கனடா சித்தப்பா' என்று பேர் வைத்திருந்தாள். ஸ்கைப்பில் வந்தால் அவர் அப்படித்தான். விளக்கு அணைந்ததும் நூல் நூலாய்க் கையை நீட்டிப் பக்கத்தில் இருப்பதைச் சுடுகிற கலக்சியாவுக்கு… 'பெரிய மச்சாள்'.

எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. அடுத்தவருக்குப் பேர் வைத்தால் சிரிப்பு வராதா, என்ன?

லத்தீன் பேர் ஒரு உயிர் எந்த வம்சம் என்று சொல்லும். கடைக்காரன் வைத்த பேர், அதை உங்கள் தலையில் கட்டிவிடும். வீட்டில் வைக்கிற பேர்தான் அதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று சொல்லும். இந்தத் தத்துவம் எனக்கு ஞாயிறு காலையில் தோன்றவில்லை. அப்போது தோன்றியது ஒன்றே ஒன்று — லத்தீனுக்குள் ஓடி ஒளி!

"அக்கா, அது நீங்கள் இல்லை. இந்தா, இதைத்தான் அவ சொன்னவ. இதின்ரை பேர் கலக்சியா பசிகுலாரிஸ். பக்கத்திலை இருக்கிறது பிம்பிரியாபிலியா. விஞ்ஞானப்படி பாத்தால் ரெண்டும் ஒரே குடும்பம் அக்கா!"

அக்கா எழுந்து தொட்டிக்குக் கிட்ட வந்தார்.

"ஒரே குடும்பமெண்டால் சுடாதோ? அதெல்லோ கூடுதலாச் சுடும்."

வெறும் உடுப்புக் கூடையோடு வசந்தி உள்ளே வந்தது அந்த நேரம்தான். அக்காவைக் கண்டதும் கூடை இடுப்பில் இருந்து நழுவியது. ஆனால் என்னைப்போல் லத்தீனுக்குள் ஓடவில்லை, அவள்.

"வாங்கோ மச்சாள்," என்றாள். "சொன்னது கேட்டிருக்கும்."

"கேட்டது. உதுக்கு என்ரை பேரோ வைச்சிருக்கிறீர்?"

"ஓம்."

"உவன்ரை பேரும் வைச்சிருக்கோ?"

வசந்தி காளான்குடைப் பவளத்தைக் காட்டினாள். அது அன்று குடையைச் சுருக்கி, மேலே மெழுகுபோல் தோல் போர்த்து, யாரையும் பார்க்காமல் நின்றது.

"அது இவர். ஏதும் ஒண்டெண்டால் மூண்டு நாள் உப்பிடித்தான் மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிக்கும். பிறகு தோலைக் கழட்டிப்போட்டு ஒண்டும் நடக்காத மாதிரி விரியும்."

அக்கா சிரித்தார்! வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. "ஐயோ… அச்சொட்டா அவன்தான். சின்னனிலை இருந்தே உவன் உப்பிடித்தான்!"

லேமினேட் செய்தவனுக்கு அந்த வீட்டில் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்.

சிரித்து முடித்த அக்கா, சுடுபட்ட பவளத்தைப் பார்த்தார். ஒரு கரையில் பெருவிரல் நகம் அளவுக்கு வெளிறிப்போயிருந்தது.

"அப்ப உது ஆர்?"

நான் "பிம்பிரி…" என்று தொடங்கினேன்.

"அது நான், மச்சாள்," என்றாள் வசந்தி.

அக்கா கண்ணாடியில் முகம் முட்டுகிற அளவுக்குக் குனிந்து அந்த வெள்ளையைப் பார்த்தார். குடிபூரல் பந்தி அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

"காயம் மாறுமோ?"

"தள்ளி வைச்சால் மாறும்."

"அப்ப என்னைத் தூக்கி எறியத் தேவையில்லையோ?"

"சீ, என்ன கதை! இந்தத் தொட்டியிலை வடிவானது உதுதான். ஒரு சாண் இடைவெளி இருந்தால் ரெண்டும் நல்லா இருக்கும்."

வசந்தி கதிரையில் உட்கார்ந்தாள்.

அக்கா தொட்டியை விட்டு வந்தார். அவளுடைய கதிரையோடு ஒட்டிக் கிடந்த தன் கதிரையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி அரக்கினார். குனிந்து, நடுவில் கையை விரித்து அளந்து பார்த்தார். சரியாக ஒரு சாண். அதில் உட்கார்ந்து, கைப்பையின் 'சிப்'பைத் திறந்து, கலியாணக் காட்டை எடுத்து, தாய்மாமன் நான் நிற்பதைத் திரும்பியும் பாராமல், வசந்தியிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.