கல்யாண வீட்டில் ஒரு விலாங்கு

கல்யாணத்துக்குப் போனவர்கள் சந்தனமும் பன்னீருமாகத் திரும்புவது வழக்கம். போன வியாழக்கிழமை நான் முழங்கால்வரை சேற்றோடு திரும்பினேன். அதுவும் பரம சந்தோஷமாக!

நகரசபைத் தண்ணீர் இலாகாவில் எனக்கு இன்ஸ்பெக்டர் வேலை என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: சிராங்கூன் சாலை வட்டாரத்தில் குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் தேடுவார்கள், ஒழுகாவிட்டாலும் என்னைத்தான் தேடுவார்கள். இரண்டுக்கும் திட்டு ஒரே அளவு.

அந்த வட்டாரத்தில், ஜாலான் புசார் சதுப்பைப் பார்த்தபடி ஒரு சந்து இருக்கிறது. அதன் கோடியில் செல்லம்மாளின் எருமைக் கொட்டில். புருஷன் போனபிறகு ஒற்றை ஆளாக எருமைகளைக் கட்டி மேய்த்துப் பால் வியாபாரம் நடத்துகிற அம்மாள். குரல் இருக்கிறதே... கொட்டிலில் நின்று எருமையை அதட்டினால், சாலையில் போகிற ரிக்‌ஷாக்காரன் தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வண்டியைத் திருப்புவான்.

கொட்டிலை ஒட்டி ஒரு கிணறு. சந்து முழுக்க அந்தத் தண்ணீர்தான். கிணற்றுக்கு இந்தப் பக்கம் எருமை, அந்தப் பக்கம் வாளிக் கக்கூஸ். ஒரு நல்ல மழை பெய்தால் மூன்றும் உறவு கொண்டாட ஆரம்பித்துவிடும். தண்ணீர் என்னவோ பார்வைக்குப் பளிங்குதான்!

இப்படி இருக்கையில் அடுத்த சந்தில் வாந்திபேதி வந்தது. ஒரே வீட்டில் தகப்பனும் மகளும் போய்விட்டார்கள். அவர்கள் குடித்ததும் இதே மாதிரி ஒரு கிணற்றுத் தண்ணீரைத்தான். நான் விசாரிக்கப் போனபோது அந்தப் பெண்ணின் தாவணி இன்னும் கொடியிலேயே கிடந்தது. எடுப்பதற்கு வீட்டில் யாருக்கும் கை வரவில்லை.

சுகாதார டாக்டர் உத்தரவு போட்டார் — செல்லம்மாள் கிணற்றையும் மூட வேண்டும், பதிலுக்குச் சந்துக்குக் குழாய் கொடுக்க வேண்டும். உத்தரவு போடுவது சுலபம். அதைச் செல்லம்மாளிடம் போய்ச் சொல்ல வேண்டியது யார்?

போனேன்.

"அம்மா, உங்களோட ஒரு விசயம் கதைக்க வந்தனான்" என்றேன்.

நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது. அவரோ தஞ்சாவூர்ப் பக்கம்.

"கதையா? பால் கறக்கற நேரத்துல கதை சொல்ல வந்தீங்களா? சாயங்காலமா வாங்க, சாவகாசமா கேக்கறேன்!"

கதை இல்லை, கிணறு என்று விளக்கினேன். அவ்வளவுதான். கறந்துகொண்டிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"இது எம் புருசன் வெட்டுன கெணறு. இந்தத் தண்ணியிலதான் எம் மக வளந்தா. எங்களுக்கு என்ன ஆயிருச்சு? உங்க குழாய்த் தண்ணி எந்தக் காட்டுலேர்ந்து வருதோ, யாரு கண்டா? கண்ணால பாக்காத தண்ணிய எப்படிங்க வாயில வைக்கறது?"

யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இல்லையா? கிணற்றை எட்டிப் பார்க்கலாம். குழாயை எட்டிப் பார்க்க முடியுமா?

"காட்டுக்குள்ள பெரிய ஏரியில தேக்கி, மணலில வடிகட்டித்தான் அனுப்புறம்" என்றேன்.

"மணல்ல ஊத்தினா தண்ணி மணலுக்குள்ள போயிடும்ல! எனக்கே கத சொல்றீங்களே!"

நான் விடவில்லை. மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். கடைசியில் எருமைக்கே என்மேல் இரக்கம் வந்ததோ என்னவோ, செல்லம்மாள் ஒரு பேச்சுக்கு வந்தார்.

"இந்தாங்க ஐயா, வர்ற வியாழக்கிழமை எம் மக வள்ளிக்குக் கல்யாணம். தஞ்சோங் பகார்லேர்ந்து மாப்பிள்ள வீட்டுச் சனம் வருது. அன்னிக்கு உங்க குழாயில தண்ணி வரட்டும். பந்தி முடியற வரைக்கும் வரணும். வந்துச்சுன்னா கெணத்த நானே மூடறேன். வரலேன்னா... உங்க டாக்டரே வந்து நின்னாலும் மூட மாட்டேன்."

கல்யாண நாளுக்கு வாக்குக் கொடுப்பது ஆபத்து. ஆனால் கொடியில் கிடந்த அந்தத் தாவணி என் கண்ணை விட்டுப் போகவில்லை. சரி என்றுவிட்டேன்.

உடனே வேலை தொடங்கியது. எங்கள் இலாகா பிட்டர் காதர் பாய்தான் குழாய் பதித்தார். நாகூர்க்காரர். கோபமே வராத மனிதர். அந்த வாரம் பார்த்துத்தானா வானம் பொத்துக்கொண்டு ஊற்ற வேண்டும்? சதுப்புத் தண்ணீர் ஏறித் தோண்டின பள்ளமெல்லாம் வாய்க்காலாக நின்றது. இறைத்து இறைத்து வேலை செய்தார்கள். ஒருவழியாகப் புதன்கிழமை சாயங்காலம் முற்றத்துக் குழாயைத் திருகினேன். தண்ணீர் சலசலவென்று கொட்டியது. சந்தே கூடி நின்று பார்த்தது. செல்லம்மாள் கையில் ஏந்தி மோந்து பார்த்தார், ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார்.

"வாசனையே இல்லையே!"

அதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் எங்கள் இலாகாவுக்குக் கிடைத்ததில்லை.

வியாழக்கிழமை காலை. சலவை வேட்டி, வெள்ளைக் கோட்டு, ஒரு சின்னப் பரிசு எல்லாவற்றோடும் கல்யாண வீட்டுக்குப் போனேன். வாழை மரம் கட்டியிருந்தார்கள். நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் குழாயைச் சுற்றி மட்டும் ஒரு கூட்டம் நின்றது. சமையல்காரத் தவசிப்பிள்ளை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு குழாயைத் திருகினார்.

உஸ்ஸ்... என்றது. இரண்டு சொட்டு விழுந்தது. நின்றுவிட்டது.

தவசிப்பிள்ளை திரும்பிப் பார்த்து, "கயித்தையும் வாளியையும் எடுங்கடா" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய்க் கிணற்றின் பலகை மூடிமேல் உட்கார்ந்துகொண்டேன். இன்ஸ்பெக்டர் உத்தியோகத்துக்கு அழகில்லைதான். வேறு வழி தோன்றவில்லை.

செல்லம்மாள் வந்தார். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எந்திரிங்க ஐயா. மாப்பிள்ள வீட்டு வண்டி பொறப்பட்டாச்சு. சோறில்லாம எம் மகளுக்குக் கல்யாணமா?"

"அம்மா, அடுத்த சந்தில ரெண்டு உயிர் போனது உங்களுக்குத் தெரியும். இண்டைக்கு உங்கட வீட்டுக்கு ஊர்ச்சனம் முழுக்க வருது. குழந்தையளும் வருகினம். எனக்குக் கொஞ்ச நேரம் தாங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

செல்லம்மாள் மெதுவாகச் சொன்னார்: "ஒல கொதிக்கற வரைக்கும் தர்றேன்."

"சரி" என்றேன். அப்புறம்தான் உறைத்தது. உலை வைக்கத் தண்ணீர் எங்கே?

அப்போது சந்து முனையிலிருந்து, "ஆயர் அடா! ஆயர் அடா!" என்று ஒரு குரல் வந்தது. தண்ணீர் இருக்கிறதாம்! அங்கே காப்பிக் கடை வைத்திருக்கும் சீனர் ஆ செங், தோளில் கம்பு போட்டு இரு பக்கமும் தகர டின் தொங்க, தளும்பத் தளும்ப ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். அவர் கடைக்குப் பெரிய சாலைக் குழாயிலிருந்து எப்போதோ தண்ணீர் கொடுத்தாகிவிட்டது. யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. கல்யாண வீட்டில் தண்ணீர் இல்லை என்று கேள்விப்பட்டதும் காப்பியை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

உலை ஏறியது. எனக்கும் ஒரு விஷயம் புரிந்தது. பெரிய சாலையில் தண்ணீர் இருக்கிறது என்றால் அடைப்பு இந்தச் சந்துக்குள்தான்!

ஆள் அனுப்பிக் காதர் பாயை வரவழைத்தேன். அவர் சந்து முனை வால்வை மூடிவிட்டு வந்து, முற்றத்துக் குழாயின் தலையைக் கழற்றினார். குழாய் வளைகிற இடத்தில் மண்ணைத் தோண்ட வேண்டியிருந்தது. ஆள் போதவில்லை. கோட்டைக் கழற்றி யார் கையிலோ கொடுத்துவிட்டு நானும் சேற்றில் மண்டியிட்டேன். காதர் பாய் வளைவைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார்.

"உள்ளுக்கு என்னமோ இருக்கு சார். வால்வைத் தொறக்கச் சொல்றேன். ஒதுங்கிக்குங்க."

இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் அத்தை — காஞ்சிபுரம் சரசரக்க.

குழாய் ஒருமுறை இருமியது. ஏதோ உருண்டது. டப்! நீளமாக, கறுப்பாக, நெளிந்துகொண்டு ஒன்று பாய்ந்து வந்து அந்த அம்மாளின் காலடியில், கோலத்தின் நட்டநடுவில் விழுந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் ஓவென்று கொட்டியது.

"பாம்பு! பாம்பு!"

நாகஸ்வரம் நின்றது. தவில்காரர் பந்தல் காலில் ஏறிவிட்டார். அத்தை மறுபடி வண்டிக்குள்!

ஆ செங் மட்டும் குனிந்து பார்த்தார். "புக்கான் உலார்! பெலுட்!" என்று கூவினார். பாம்பு இல்லை, விலாங்கு! லாவகமாக அதைப் பிடித்துக் காலி டின்னுக்குள் போட்டார். மதியச் சாப்பாட்டுக்கு வழி பிறந்த பிரகாசம் முகத்தில்.

"பள்ளத்துல சதுப்புத் தண்ணி நின்னுச்சுல்ல சார், அப்பப் பூந்திருக்கும்" என்று காதர் பாய் என் காதில் சொன்னார்.

செல்லம்மாளுக்கும் காது இருக்கிறதே.

"ஓ... இதான் மணல்ல வடிகட்டுன தண்ணியா ஐயா?"

சந்தே சிரித்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, ஒரு குடம்கூட அதன் பக்கம் வரவில்லை. தவசிப்பிள்ளையின் கை மறுபடி கயிற்றுக்குப் போனது. நான் சேற்றோடு ஓடி மறுபடி கிணற்றுப் பலகைமேல் உட்கார்ந்தேன். அன்றைக்கு இலாகாவின் மானம் அவர் கையில் இருந்த அந்தத் தாம்புக் கயிற்றில் தொங்கியது.

அப்போது உள்ளே சன்னல் பக்கம் ஒரு சலசலப்பு. பாதி பின்னின சடையோடு கல்யாணப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஆத்தா! நம்ம கெணத்துல தவளை குடும்பம் நடத்துது. ஆமை ஒண்ணு கெடக்கு, அதுக்குப் பேரு வேற வச்சிருக்கோம். அதெல்லாம் வெளிய வந்து சொல்லிட்டா இருக்கு? இது வந்துச்சு, போயிருச்சு. இதுக்குப் போயி..."

சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

"முத்துலச்சுமி இன்னிக்கு எனக்குப் பூ வச்சு விடறேன்னு சொல்லியிருந்தா. அவ வராமப் போனது எந்தத் தண்ணியால ஆத்தா?"

அடுத்த சந்தில் செத்துப்போன பெண்ணின் பெயர் முத்துலட்சுமி.

சிரிப்பு அப்படியே அடங்கியது. செல்லம்மாள் மகளைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் வந்தது பாருங்கள், அந்தப் பழைய குரல்!

"என்னடா வேடிக்க? குழாய நல்லா ஓட விட்டுட்டுப் புடிங்கடா! குடிக்கற தண்ணி பூராவும் கொதிக்க வச்சு ஊத்துங்க! நேரமாவுதுல்ல!"

கிணற்றுப் பலகையிலிருந்து நான் விலகி வந்தது எனக்கே தெரியாது. அந்தக் குரலுக்கு அப்புறம் அதற்குக் காவல் தேவையில்லை.

குழாய் அன்று முழுவதும் ஒரு கணம்கூட நிற்கவில்லை. நல்ல நேரத்தில் தாலி ஏறியது. மாப்பிள்ளையின் அத்தையை எலுமிச்சைச் சர்பத் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். நான் சேற்றோடு வீட்டுக்கு நழுவப் பார்த்தேன். செல்லம்மாள் விடவில்லை. முதல் பந்தியில், சம்பந்திக்குப் பக்கத்திலேயே இலை போட்டுவிட்டார். பாவம் அந்த மனிதர், பந்தி முடிகிறவரை என்னிடமிருந்து தன் பட்டு அங்கவஸ்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டே சாப்பிட்டார்.

மறுநாள் கிணற்றை மூடப் போனோம். முரண்டு பிடிப்பாரோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். போய்ப் பார்த்தால் கிணற்று விளிம்பெல்லாம் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றியிருந்தார். விளக்கேற்றி வைத்து விழுந்து கும்பிட்டார். காதர் பாய் வாளியை இறக்கி, பெயர் வைக்கப்பட்ட அந்த ஆமையைப் பத்திரமாக மேலே எடுத்தார். அதைச் சதுப்பில் கொண்டு விட்டோம்.

"நேத்து ஒரு மகள அனுப்புனேன். இன்னிக்கு இன்னொண்ணு" என்றார் செல்லம்மாள். "போடுங்கப்பா மண்ண."

முதல் கூடை மண் விழுந்தபோது நான் தொப்பியைக் கழற்றினேன். காதர் பாயும் தலைகுனிந்து நின்றார். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

குழாய் பதிக்கிறபோது நாங்கள் இரும்பையும் ஈயத்தையும் பிரஷரையும் பற்றியே யோசிக்கிறோம். நாங்கள் மூடச் சொல்கிற கிணறு ஒருத்தருக்குப் புருஷன் வெட்டிய கிணறு என்பது எந்த வரைபடத்தில் இருக்கிறது? அவர் அதை விட்டுக்கொடுத்தார். எங்கள் மணல் வடிகட்டியை நம்பி இல்லை. மகள் கேட்ட ஒரு கேள்விக்காக. அதற்கப்புறம் இதுவரை அந்தச் சந்தில் ஒருவருக்கும் நோய் வரவில்லை என்பதை இங்கே சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இத்தோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் ஒரு குரல். மாடியில் இருந்த துரை பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

"ஐயா! தண்ணி நல்லா வருது. சந்து பூரா தேச்சுத் தேச்சுக் குளிக்குது. குளிச்ச தண்ணியெல்லாம் எங்க போவுது? எங் கொட்டிலுக்கு! எருமை கூட மூக்கச் சுளிக்குது. வர்றதுக்கு வழி பண்ணிட்டீங்க... போறதுக்கு எப்பப் பண்ணப் போறீங்க?"

நகரத்துக்குப் பாதாளச் சாக்கடை வேண்டுமா, வேண்டாமா என்று எங்கள் கமிட்டியார் படம் விரித்து, சுருட்டுப் பிடித்து, கூட்டம் கூட்டமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேசாமல் செல்லம்மாளை அந்தக் கமிட்டியில் போட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. ஒரே ஒரு பயம்தான் —

மறுநாள் காலையிலேயே எங்கள் எல்லோர் கையிலும் மண்வெட்டி இருக்கும்!