யாரும் அடைபடாத இல்லம்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் ‘நாளைக்கு’. கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். எப்போது போய்க் கேட்டாலும் நாளைக்கு என்பார். எழுத்து என்னவோ முத்து முத்தாக இருக்கும். அதனால் வைதுகொண்டே எல்லோரும் அவரிடமே வருவார்கள்.

ஒருமுறை ஜெயிலில் வேலை வந்தது. மேலிடத்தில் யாருக்கோ திடீரென்று இரக்கம் பிறந்துவிட்டது. ஜெயில் என்ற சொல் மனத்தைப் புண்படுத்துகிறதாம். இனிமேல் அது நல்வழி இல்லம். கைதி இல்லவாசி ஆனான், கொட்டடி ஓய்வறை ஆனது. வெளிச்சமே புகாத தனிக்கொட்டடிக்கு அமைதி அறை என்று பெயர். பூட்டு மட்டும் பழைய பூட்டு. பேரை மாற்றினால் பாகற்காய் இனித்துவிடுமா அத்தான் என்று கேட்டேன். எழுதச் சொன்னதை எழுதுகிறேன், நக்கியா பார்க்கப்போகிறேன் என்று சிரித்தார்.

கடைசி நாள் ஒரே புழுக்கம். அத்தான் சட்டையைக் கழற்றி ஏணியில் மாட்டிவிட்டு, தரையில் குந்தி ‘அமைதி அறை’ போர்டை எழுதிக்கொண்டிருந்தார். பெயின்ட் டின்னைப் பிடித்திருந்த கைதி, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்தான். அந்தச் சட்டையைப் போட்டான், ஏணியைத் தோளில் வைத்தான், நடந்தான். காலையில் ஏணியோடு வந்தவர் சாயங்காலம் ஏணியோடு போகிறார் என்று காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார்.

அடைப்பு நேரத்தில் தலை எண்ணினார்கள். பனியனோடு நின்ற அத்தானும் ஒரு தலை, கணக்கு கச்சிதம். நான் பெயின்டருங்க என்று கத்தினார். கணக்கு சரியாக இருக்கும்போது கத்துகிறவன் பேச்சு அம்பலம் ஏறுமா? கத்தினதற்காக அமைதி அறையிலேயே தள்ளினார்கள்.

மறுநாள் அதிகாரிக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது. வினையே அதுதான். பெயின்டரை விட்டால், ஒருவன் ஓடிப்போனதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

“ஓடிப்போறதுக்கு இது என்ன ஜெயிலா?” என்றாராம்.

விட்டுவிடுங்கள் ஐயா என்று அத்தான் காலில் விழுந்திருக்கிறார். இங்கே யாருமே அடைபட்டிருக்கவில்லை, அப்புறம் யாரை விடுவது என்று பதில் வந்திருக்கிறது.

வெளியே நானும் அக்காவும் நின்றோம். அவர் ஏணியோடு நேற்றே போயாச்சு, வேறு வீடு எதுவும் வைத்திருக்கிறாரா பாரம்மா என்று ஒரு காவலாளி இளித்தான். அவன் பல்லைத் தட்டியிருப்பேன். தட்டியிருந்தால் நானும் இல்லவாசி. அக்கா கேட்டுக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்தவள்தான், கூப்பிட்டும் நகரவில்லை.

கடைசியில் காப்பாற்றியது அத்தானின் சோம்பல். ஓடியவன் கெட்டிக்காரன். ஏணி தோளில் இருக்கிறவரை எவனும் தன்னை ஒரு கேள்வி கேட்கமாட்டான் என்று புரிந்துகொண்டு, அதைக் கீழே வைக்கவே இல்லை. ஆனால் போர்டுக்காக மாசக்கணக்கில் நடந்து செருப்பு தேய்ந்த துணிக்கடைக்காரர், பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெயின்ட் கறைச் சட்டையைப் பார்த்துவிட்டார். இன்றைக்கு எழுதாமல் விடுவதில்லை என்று பின்னாலிருந்து காலரைப் பிடித்தார். திரும்பிய முகம் வேறு முகம். கூட்டம் கூடியது, போலீஸ் வந்தது.

அவனை உள்ளே கொண்டுவந்ததும் இல்லத்தில் ஒரு தலை கூடிப்போயிற்று. உபரித் தலையை வெளியே அனுப்பினார்கள். அத்தான் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். செருப்பு கையில் இருந்தது. கேட்டில் காவலாளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா எழுந்து ஓடினாள். “அடைச்சு வெச்சிருந்தாங்களா?”

அத்தான் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். “இல்ல. தங்கியிருந்தேன்.”

“அடிச்சாங்களா?”

“சேச்சே. புத்திமதி சொன்னாங்க.”

அக்கா மண்டிபோட்டு அவர் காலில் செருப்பை மாட்டப் பார்த்தாள். பாதம் வீங்கி, செருப்புக்குள் நுழையவே இல்லை.