பெரியவர்கள் பிரிவில் பம்பரம்

வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பேர். சின்ன வயதில் கழுத்தும் வலது கையும் தாமாகவே முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தபோது அண்ணன் வைத்தது. அம்மா அவனை விரட்டி விரட்டி அடித்தாள். இவளுக்கோ அந்தப் பேர் பிடித்துப்போயிற்று. நரம்புக் கோளாறு, அடியோடு தீராது, மாத்திரையால் அடக்கி வைக்கலாம் என்றார்கள். அப்படியே படித்து முடித்து, இப்போது ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள்.

வேலைக்குப் போன பிறகும் குழந்தைகள் மருத்துவமனையில்தான், யானைக்குட்டி வரைந்த சுவருக்கடியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பாள். கடைசியில் குழந்தை டாக்டரே சொல்லிவிட்டார்: "இனிமே பெரியவங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா. அங்க நீதான் பேசணும்."

அம்மாவுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது.

புது இடத்தில் பெஞ்சு நெடுக நடுக்கம் பிடித்த தாத்தாக்கள். "யாரைக் கூட்டிட்டு வந்திருக்கம்மா?" என்றார் ஒருவர். "அம்மாவ. எனக்குத்தான் பாக்கணும்" என்றாள். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். உள்ளே போனதும் புது டாக்டர் அம்மாவைப் பார்த்து, "தூக்கம் எப்படி?" என்றார். அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"என்னையே கேளுங்க டாக்டர். பேச்சு மெதுவா வரும். ஆனா வந்துடும்."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். மத்தியான மாத்திரை போட்டால் கண் சொருகுகிறது, எழுத்தெல்லாம் எறும்பாய் ஊர்கிறது. அதனால் வேலை நாளில் பாதிதான் போடுகிறாள். சாயங்காலம் கழுத்து இழுத்துக்கொள்கிறது.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எங்கிட்ட சொல்லவே இல்லையேடி."

"சொன்னா முழுசா முழுங்க வெச்சிருப்ப."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நீங்களா குறைக்கக் கூடாதும்மா. திடீர்னு குறைஞ்சா உடம்பு மொத்தமா முறுக்கிக்கும். ஒரு போன் பண்ணுங்க, போதும்."

தப்புதான் என்று ஒப்புக்கொண்டாள். அவர் பகல் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வழி சொன்னார். கழுத்துக்கு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். அவளையே கேட்டார். அவள் சரி என்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அம்மா கேட்டாள்: "இனிமே நான் எதுக்கு?"

"பேச்சுத் துணைக்கு வா. உள்ள மட்டும் பேசாத."

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஊசி ஓரளவு கேட்டது. கழுத்து முழுக்க நேராகவில்லை. ஆனால் மத்தியானத் தூக்கம் ஒழிந்தது. அடுத்த முறை அவள் தனியாகவே போனாள். அம்மா அடுப்படியில் போனும் கையுமாக நின்றாள். மணி அடித்ததும் சட்டென்று காதில் வைத்தாள்.

"டாக்டர் என்னடி சொன்னாரு?"

"நல்லாத்தான் சொன்னாரு. வேலைக்கு நேரமாச்சு, சாயங்காலம் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.