சூளை ஆறுவதற்குள்

பிள்ளைகளா, போன வாரம் பெரியவள் பள்ளிக்கூடத்துக் கட்டுரைக்காக என்னிடம் வந்து கேட்டாள்: "ஏம்ப்பா சில பேரு நாட்ட விட்டே ஒரேயடியா போயிடறாங்க?" வேலை, சம்பளம், படிப்பு, சண்டை என்று நாலு காரணம் சொன்னேன். எழுதிக்கொண்டு போய் நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாள். சின்னவன்தான் விடவில்லை. "அப்ப லண்டன் பாட்டி எதுக்குப்பா போனாங்க?" என்றான். சம்பளத்துக்குத்தான் என்று சொன்னேன். அது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. நேரில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் லண்டன் பாட்டி என்று சொல்கிறவர் எனக்கு அத்தை, என் அப்பாவின் தங்கை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். கட்டிக்கொடுத்த இரண்டாம் வருடமே புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டவர். நர்ஸ் படிப்பு படித்திருந்ததால் கடைத்தெருவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். கூடப் படித்த தோழி லண்டனிலிருந்து ஒரு விண்ணப்பம் அனுப்பியிருந்தாள். வந்தால் இங்கேயே இருந்துவிடலாம், போகப்போகக் குடியுரிமையும் கிடைக்கும் என்று கடிதமும் வைத்திருந்தாள். அத்தை அதற்கான பரீட்சைகூட எழுதிவிட்டார். கையெழுத்து மட்டும் போடாமல், மாசக்கணக்கில் அந்தத் தாளைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்தார்.

"போயிடுவியா அத்தே?" என்று கேட்டேன்.

"எனக்குன்னு இங்க ஒரு வூடு இருந்தா நான் ஏன் மருமவனே போறேன்?" என்று சிரித்தார்.

நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். வீடுதானே வேண்டும்?

வீட்டுக்குப் பின்னால் அப்பா பீங்கான் பட்டறை வைத்திருந்தார். மீட்டர் பெட்டியில் மாட்டுகிற வெள்ளை ஃபியூஸ் கட்டைகள் செய்வார். அந்தக் களிமண்ணில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வீடு செய்தேன். கதவு, ஜன்னல், மாடிப்படி எல்லாம் உண்டு. காய்ந்ததும், சூளையில் சரக்கு அடுக்கும்போது முன்வரிசைக் கட்டைகளுக்கு நடுவில் யாருக்கும் தெரியாமல் செருகிவிட்டேன்.

சூளை வாசலைச் செங்கல் அடுக்கிச் சேறு பூசி மூடினார்கள். எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டி அப்பா தீ மூட்டப் போன நேரம், அத்தை டியூட்டி முடிந்து பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு நேரே எதிரில் வந்து நின்றார். அம்மாவின் முகம் சுருங்கியது. அத்தை உடனே தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். எந்தெந்த நேரத்தில் எங்கெங்கே நிற்கக்கூடாது என்று அவருக்கு நன்றாகவே பழகியிருந்தது.

தீ அணைந்த பிறகு சூளை ஆற இரண்டு முழு நாள் விட வேண்டும்; அதற்குள் குளிர்காற்று பட்டால் சரக்கு விரிசல் விட்டுவிடும். பட்டறைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பால்குடிக்கும் வயசிலேயே தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் வீடு எப்படி வெந்திருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. நெருப்பைப் பார்ப்பதற்காக வாசலில் ஒரு ஓட்டை விட்டு அதை ஒற்றைச் செங்கல்லால் அடைத்திருப்பார்கள். முதல் நாள் சாயங்காலம், மழை வருகிற மாதிரி காற்று அடித்துக்கொண்டிருந்தது. கோணிச் சாக்கை மடித்துப் பிடித்து அந்தச் செங்கல்லை இழுத்தேன். சாக்கையும் தாண்டிச் சுட்டது. கல் கீழே விழுந்தது. எடுத்து வைக்கப் போய் மூன்று விரல் பொத்துப்போனது. அழுகையை அடக்கிக்கொண்டு ஓடிவிட்டேன். அந்த ஓட்டை வழியாக ராத்திரி முழுக்கக் குளிர்காற்று உள்ளே போயிருக்கிறது.

அத்தைதான் என் விரலைப் பார்த்தார். எப்படிச் சுட்டது என்று கேட்கவில்லை. மருந்து தடவி, ஊதிவிட்டு, "ஆறிடும்" என்றார்.

சூளையைப் பிரித்தபோது முன்பக்கத்துச் சரக்கு பூராவும் விரிசல் விட்டுக் கிடந்தது. கட்டைகளை எடுத்துத் தட்டிப் பார்த்தால் ஓட்டைப் பானை மாதிரி சத்தம் வந்தது. என் வீடும் கூரையிலிருந்து வாசல்வரை பிளந்திருந்தது. அது யார் செய்தது என்றுகூடக் கேட்காமல், மற்றதோடு சேர்த்து அப்பா குப்பையில் எறிந்தார்.

"செங்கல்லு தானா வுழுந்திருக்குது பாருங்க," என்றார் அம்மா. "பத்த வைக்கிற நேரத்துல எதுக்க வந்து நின்னா வெளங்குமா? வாழாத காலு." இதைச் சொன்னது உங்கள் ஆயாதான். அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் அத்தையைத்தான் முதலில் கூப்பிடுவார்.

அப்பா குனிந்து அடுத்த வரிசைக் கட்டைகளைத் தட்டிப் பார்த்தார். நான் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றேன். அத்தை என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"பத்த வைக்கிறது தெரியாம வந்துட்டேன் அண்ணி," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் பீரோவைத் திறந்து அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

நாலைந்து மாதம் கழித்து ஜங்ஷனில் வண்டி ஏற்றிவிட எல்லோரும் போனோம். பார்க்கிறவர்களிடமெல்லாம் அப்பா, "நல்ல சம்பளம், அதான் அனுப்புறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா நிஜமாகவே அழுதார். அத்தை ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து, விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

"புதுத்தோலு வந்துடுச்சே மருமவனே. இனிமே சூளை ஆறுறவரைக்கும் கைய வெக்காத, என்ன?"

தலையாட்டினேன். நர்ஸ் இல்லையா, அதனால் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்கு உறைக்கவே பல வருடம் ஆனது. 'கல்லை இழுத்தது உங்க புள்ள' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பழி போயிருக்கும். ஆனால் அடுத்த சூளைக்கும் அவரை எதிரில் நிற்க விட்டிருக்க மாட்டார்கள். அது அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. என் வீடு விரியாமல் வெந்திருந்தால் அவர் இருந்திருப்பார் என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் காபி குடிக்க உட்கார்ந்தார்கள். நான் பின்பக்கம் போனேன். மறுநாள் பிரிப்பதற்காகப் புதுச் சரக்கோடு சூளை மூடியபடியே ஆறிக்கொண்டிருந்தது. நெருப்பு பார்க்கிற ஓட்டையில் அந்தச் செங்கல் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் தொட்டியிலிருந்து ஒரு கை சேறு எடுத்து, கல்லைச் சுற்றி இடுக்கே தெரியாமல் பூசினேன்.