பூட்டின் மேல் வைத்த பொட்டு

எங்கள் கடையில் துப்பாக்கி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது, கொடுப்பவர் அதைத் திறந்து காட்டி “காலி” என்று சொல்ல வேண்டும். வாங்குபவரும் உள்ளே பார்த்துவிட்டு “காலி” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாய் கையை நீட்டமாட்டார். இருபது வருடத்துக்கும் மேலாக அவரிடம் வேலை பார்க்கிறேன். அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறெதையும் நான் அங்கே சத்தமாகச் சொன்னதாக நினைவில்லை. எனக்கு ஆட்களோடு பேச வராது. நான் ஊமை என்று நினைத்துக்கொண்டு பாயிடம் ஜாடை காட்டி விசாரித்தவர்கள்கூட உண்டு.

கடை திருச்சியில் பெரிய கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது. லைசென்ஸ் உள்ளவர்களுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் விற்கிறோம், பழுது பார்க்கிறோம். லைசென்ஸைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களும், தேர்தல் நேரத்தில் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டியவர்களும் எங்களிடம் கொண்டுவந்து வைப்பார்கள். அப்படி வருவதையெல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, நம்பர் அட்டை கட்டி, இரும்பு அலமாரியில் வைப்பது என் வேலை. காலையில் ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினால் பாய் கடை திறப்பதற்கு முன்னால் வந்துவிடுவேன்.

பாய்தான் முதலாளி, அவரேதான் மெக்கானிக். அறுபது வயதைத் தாண்டியவர். எந்தத் துப்பாக்கியையும் திறந்து பார்ப்பதற்கு முன்னால் அதற்கு என்ன கோளாறு என்று சொல்லமாட்டார். கொண்டுவந்தவர் ஆயிரம் சொல்வார்: ஸ்பிரிங் போய்விட்டது, தோட்டா சரியில்லை, மழையில் நனைந்துவிட்டது என்று. பாய் எல்லாவற்றுக்கும் “பாப்போங்க” என்பார். பார்த்த பிறகு, கண்டதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பு இருந்தது. துறையூர், மணப்பாறை பக்கத்து ஆட்கள் அதை லைசென்ஸ் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருப்பார்கள்.

மில்லுக்கார அம்மா துறையூர்ப் பக்கம். வயல்களுக்கு நடுவில் தனியாக ஒரு அரிசி மில், மில்லை ஒட்டியே வீடு. ஒருமுறை பட்டப்பகலில் இரண்டு பேர் உள்ளே நுழைந்து அவர் கணவரை அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். கணவர் பிழைத்து எழுந்தார், ஆனால் சில வருடங்களில் வேறு வியாதியில் போய்விட்டார். அதன் பிறகு அந்த அம்மா தன் பெயரில் லைசென்ஸ் எடுத்து ஒரு ரிவால்வர் வாங்கினார். வீட்டில் அவரோடு மகளும், அப்போது தவழத் தொடங்கிய பேத்தியும் இருந்தார்கள். அதனால்தான் அந்த மாடலைத் தேர்ந்தெடுத்தார். அதன் பக்கவாட்டில், டிரிகருக்கு மேலே, மிளகு அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதில் ஒரு பொடிச் சாவியை விட்டுத் திருப்பினால், தோட்டாவை அடிக்கிற சுத்தி அசையாது. சுத்தியைக் கடையில் குதிரை என்போம். மறுபடி திருப்பினால்தான் குதிரை விடுபடும்.

“குழந்தை கையில இது செத்துக் கிடக்கணும் பாய். என் கையில உயிரோட இருக்கணும்” என்றார் வாங்கிய அன்று. பாய் பல நாள் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி வியந்தார். “துப்பாக்கி வாங்க வர்ற ஆம்பளைங்க எத்தனை தூரம் பாயும்னு கேப்பாங்க. இந்தம்மா என்ன கேட்டாங்க பாத்தியா?”

அவர் அதைக் கையாண்ட விதமும் எனக்குப் பிடிக்கும். தினமும் காலையில் தோட்டாக்களை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, ஒருமுறை பூட்டுவார், ஒருமுறை திறப்பார். சரியாக இருந்தால்தான் தோட்டா போட்டு, மறுபடி பூட்டி வைப்பார். சாவி அவர் கழுத்துச் சங்கிலியில் இருந்தது.

அவருடைய கொழுந்தனாருக்கு மட்டும் அந்தப் பூட்டு ஆகாது. வண்டி ஓட்டிக்கொண்டு கூடவே வருவார், வரும்போதெல்லாம் அதையே பேசுவார். போனில் யாரோ பேசிய வீடியோ பார்த்திருக்கிறார். சுடும்போது ஏற்படும் அதிர்ச்சியில் அந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடுமாம், இரண்டாவது குண்டு வெளியே வராதாம்.

“சங்கிலியக் கழட்டி, சாவிய எடுத்து, கண்ணாடியப் போட்டு ஓட்டையத் தேடுறதுக்குள்ள திருடன் காபி போட்டுக் குடிச்சிட்டுப் போயிடுவான் அண்ணி.”

“குடிச்சா குடிக்கட்டும். டம்ளரக் கழுவி வெக்கச் சொல்லு” என்றார் அந்த அம்மா. பிறகு பாயைப் பார்த்து, “அவன் சொல்ற மாதிரி தானா விழுமா பாய்?” என்றார்.

“கேள்விப்பட்டிருக்கேங்க. என் கைக்கு அப்படி ஒண்ணும் வந்ததில்ல. வரலைங்கிறதுக்காக இல்லவே இல்லைன்னு சொல்லமாட்டேன்.”

விற்பவர் வாயிலிருந்து இப்படி ஒரு பதில் வரும் என்று கொழுந்தனார் எதிர்பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் லைசென்ஸ் புதுப்பிப்பதற்காக ரிவால்வரை எங்களிடம் வைத்துவிட்டுப் போனார். அது இருக்கும்போதே ஆயுத பூஜை வந்தது. பாய் பூஜையில் நிற்கமாட்டார். ஆனால் பொரி, கடலை, பழம், பூ எல்லாவற்றுக்கும் அவர்தான் பணம் கொடுப்பார். கொடுத்துவிட்டு, “நீ பாத்துக்க” என்று வீட்டுக்குப் போய்விடுவார். வருடா வருடம் ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. “சந்தனத்தைக் கட்டையோட நிறுத்திக்கப்பா. இரும்புக்குக் கொண்டு போகாத.” ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் எல்லாவற்றுக்கும் மரக்கட்டை உண்டு. அதில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்து, மறுநாள் துடைத்துவிடுவேன்.

அந்த ரிவால்வரில் மரம் இல்லை. பிடி ரப்பர். சந்தனம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, உருண்டு விழுந்தது. வரிசையில் அது ஒன்று மட்டும் வெறும் நெற்றியோடு இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கவாட்டில் அந்தத் துளை கண்ணில் பட்டது. பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடம் மாதிரி இருந்தது. ஈரச் சந்தனத்தை அதன் மேல் அழுத்தி வைத்தேன், மேலே குங்குமம். மறுநாள் துணியால் துடைத்தேன். வெளியே பளபளவென்று இருந்தது. துளைக்குள் என்ன போனது என்று நான் யோசிக்கவில்லை.

லைசென்ஸ் வந்து, ரிவால்வரை வாங்கிக்கொண்டு போன சில வாரங்களில் அந்த அம்மா திரும்பி வந்தார். காலையில் வழக்கம்போல் பூட்டிப் பார்த்திருக்கிறார். சாவி பாதி திரும்பி நின்றுவிட்டது. பூட்டவும் இல்லை, திறக்கவும் இல்லை. தோட்டாக்கள் தனியாக ஒரு டப்பாவில் இருந்தன.

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் கொழுந்தனார். படி ஏறி வந்து மூச்சு வாங்கியபோதும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது.

“பாப்போங்க” என்றார் பாய்.

அந்த அம்மாவிடமிருந்து ரிவால்வரை வாங்கி, திறந்து என்னிடமும் காட்டினார். “காலி.” நானும் பார்த்து, “காலி” என்றேன். வாய் சொல்லிவிட்டது, கண் அந்தத் துளையின் மேலேயே நின்றது.

பாய் பக்கத் தகட்டைக் கழற்றிய அழகை எப்போது நினைத்தாலும் கண்முன் வரும். திருகாணிகளை எந்த வரிசையில் எடுத்தாரோ அதே வரிசையில் வெள்ளைத் துணியில் வைத்தார். தகட்டை நெம்பவே இல்லை. மரச் சுத்தியின் கைப்பிடியால் மெல்லத் தட்டினார், தகடு தானாக எழும்பி வந்தது. பூட்டின் பாகம் அரிசிக் குருணை மாதிரி சின்னது. பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஒட்டியிருந்ததை ஊசியால் சுரண்டித் தட்டில் போட்டார். எண்ணெயில் ஊறிக் கறுத்த சின்னக் கட்டி. நடுவில் செம்பழுப்பாக ஒரு கறை.

“காஞ்ச கிரீஸ் மாதிரி தெரியுது. துருவும் இருக்குது” என்றார். தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

“தினம் பாக்குற துப்பாக்கியில துருவா?” என்றார் அந்த அம்மா.

“செய்யிற இடத்துலயே போட்ட கிரீஸா இருக்கலாம். அப்படின்னா மறுபடியும் வரும். இப்ப சுத்தம் பண்ணித் தரேன். ஆனா நம்பலாம்னு எழுத முடியாது.”

அந்த அம்மா அந்தத் தாளை எட்டிப் படித்தார். பிறகு சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“இது இங்கயே இருக்கட்டும் பாய். இனிமே பூட்டல. அவசரத்துக்கு ஆகலைன்னா அது எதுக்கு? அலமாரியில அப்படியே இருக்கும். குழந்தைய நான் பாத்துக்கிறேன்.”

“இப்பத்தான் அண்ணிக்குப் புத்தி வந்திருக்கு” என்றார் கொழுந்தனார்.

பாய் தட்டை என்னிடம் நீட்டினார், கழுவுவதற்கு. பின்னறைக்கு எடுத்துப்போனேன். மண்ணெண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால் அந்தக் கட்டியை விரலில் எடுத்துத் தேய்த்தேன். துரு என்றால் நரநரக்கும். இது மாவாக வழுக்கியது, விரல் சிவந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். எண்ணெய் வாடைக்கு அடியில் சந்தனம் இருந்தது.

அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். சொன்னால் வேலை போகலாம். அதைவிட, இதுவரை ஒரு வார்த்தை பேசிப் பழகாத இரண்டு பேர் முன்னால் போய் நின்று வாயைத் திறக்க வேண்டும். கழுவிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு நாலு வயதுக் குழந்தை இருக்கிறது, அலமாரியில் பூட்டாத ரிவால்வர் இருக்கப்போகிறது. அதுவும் நான் வைத்த பொட்டினால். அந்தச் சின்னப் பூட்டு ஒரு தப்பும் செய்யவில்லை. அதன் மேல் பழி எழுதி, பாய் கையெழுத்துப் போடப்போகிறார்.

கழுவாத தட்டோடு வெளியே வந்தேன்.

“என்னப்பா?” என்றார் பாய்.

சிவந்த விரலை நீட்டினேன்.

“வெட்டிக்கிட்டியா?”

“இல்லைங்க. துரு இல்லைங்க இது. குங்குமம். அடியில சந்தனம். பூஜைக்கு நான்தான் வெச்சேன். ரப்பர்ல ஒட்டல, அதனால அந்த ஓட்டையில வெச்சேன்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பாய் என் விரலைப் பிடித்து, கண்ணாடி வழியாகப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு மேஜைக்குத் திரும்பி, எழுதியிருந்த வரிகளின் மேல் கோடு போட்டு அடித்தார்.

“நான் எழுதினது தப்புங்கம்மா. முகர்ந்து பாக்காம துருன்னு எழுதிட்டேன். சாவி திருப்பத் திருப்ப சந்தனம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள இறங்கிக் காஞ்சிருக்கு. பூட்டு மேல குத்தம் இல்ல. எங்க கடை மேல இருக்கு.”

என் பெயரைச் சொல்லவில்லை, கடை என்றார். அதை இன்றும் மறக்கவில்லை.

“அப்ப சாமியே வந்து பூட்டிடுச்சா?” என்று கொழுந்தனார் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“இத்தனை வருஷமா வரேன், தம்பி பேசி இன்னைக்குத்தான் கேக்குறேன். பாய், அப்ப இதை நம்பலாமா?”

“இந்தத் தடவை சிக்கினதுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு. அதை எழுதித் தருவேன். என்னைக்குமே சிக்காதுன்னு எழுதித் தரமாட்டேன். இதுவும் ஒரு ஸ்பிரிங்தான். நீங்க தினம் பாக்குறீங்களே, அதை மட்டும் விட்டுடாதீங்க. இன்னைக்குச் சிக்கினதும் அதனாலதான் தெரிஞ்சுது.”

அந்த அம்மா மறுபடி என் பக்கம் திரும்பினார். “நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?”

“பூட்டித்தாங்க வெப்பேன். குழந்தை இருக்குதுல்ல” என்றேன். அது எனக்கே கேட்டதா என்பது சந்தேகம். ஆனால் அவருக்குக் கேட்டிருந்தது.

பாய் ஒவ்வொரு பாகத்தையும் கழுவித் துடைத்து, எடுத்த வரிசைக்கு நேர் எதிராக மாட்டினார். ஒரு மணி நேரம் ஆனது. கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

“வேற எதுக்காச்சும் இரும்புல வெச்சியா?”

“இல்லைங்க.”

“நாளைக்கு எல்லாத்தையும் எடுத்துப் பாத்துடுவோம்.”

அவர் என்னைத் திட்டியது அவ்வளவுதான். மறுநாள் இருவரும் உட்கார்ந்து, அலமாரியில் இருந்த அத்தனையையும் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தோம். பாய் அடுத்த பூஜைக்கு முன் ஒவ்வொரு ரிவால்வருக்கும் ஒரு மரப்பெட்டி செய்யச் சொன்னார். பொட்டு இப்போது பெட்டி மூடிக்குப் போகிறது.

பழுது பார்த்து முடித்த அன்று, அந்த அம்மா ரிவால்வரை உடனே வாங்கிக்கொள்ளவில்லை. மேஜை மேலிருந்த சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார். “நீங்க திருப்புங்க” என்றார். திருப்பினேன். சின்னதாக ஒரு சத்தம், குதிரை நின்றது. மறுபடி திருப்பினேன், விடுபட்டது. அவர் வாங்கித் தானும் செய்து பார்த்தார். கொழுந்தனாருக்குப் பொறுமை போய் வண்டியை எடுக்கக் கீழே இறங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்தார். கடைசியில் பூட்டி, சாவியைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டார்.

பிறகு ரிவால்வரின் தோட்டா உருளையைத் திறந்து, பாயிடம் அல்ல, என் முன்னால் நீட்டினார்.

“காலி” என்றார்.

நானும் பார்த்தேன். “காலி” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அதைப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.